போட்டாச்சு

சித்தியின் கைப்பேசி அலறியபோது வாலு அவளுக்கு நேர் எதிரே, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வெளிச்சம் போகலாமா இருக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த நேரம். விளக்கை இன்னும் போடவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கும் சத்தமும், பழைய ஃபிரிட்ஜின் முனகலும், காகிதத்தில் பென்சில் உரசும் ஒலியும் தவிர வீடு அமைதியாக இருந்தது. திரையில் ஐம்பத்தெட்டு என்ற எண் சிவப்பாகத் துடித்தது. அதன் பக்கத்தில் நேர்கீழாக ஓர் அம்பு.

ஐம்பத்தெட்டு என்றால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், அப்படியே விட்டால் ஆள் சரிந்துவிடும். வாலுவோ நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"வாலு, கையை எங்கயாவது அழுத்தி வச்சிருக்கியா?"

"ரெண்டு கையும் உன் கண்ணு முன்னாடிதானே சித்தி இருக்கு?"

இருந்தன. வலது மேல்கையின் பின்பக்கம் சென்சார் ஒட்டியிருந்தது, கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை வில்லை. தோலுக்கு அடியில் சர்க்கரையை அளந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இருவரின் கைப்பேசிக்கும் அது அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை ஏமாற்ற ஒரே வழிதான் உண்டு. அந்த இடத்தை அழுத்தினால், அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, எண் பொய்யாகக் கீழே போகும். ஒருக்களித்துப் படுக்கும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இது எல்லோருக்கும் தெரியும். அலறல் கேட்டதும் எழுந்து போய்ப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வார்கள். சித்தியும் அதை எத்தனையோ தடவை செய்தவள்தான்.

ஆனால் வாலு படுத்திருக்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தார்கள். நூற்றி இருபத்து நான்கு. தங்கமான எண். அப்புறம் செயலியின் கோடும் தானாகவே மேலே ஏறியது, அழுத்தம் விலகினால் எப்படி ஏறுமோ அப்படி.

"உன் ஃபோனுக்குத்தான் சுகர் கம்மி" என்று சொல்லிவிட்டு வாலு கணக்குக்குத் திரும்பினாள். சித்தியும் சிரித்து வைத்தாள். ஆனால் சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்து, "சித்தி, ஜூஸ்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அது பொய் இல்லை. விரலிலும் ஐம்பதுதான் காட்டியது.

சித்தி இந்த வீட்டுக்கு ஒத்தாசைக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டவள். கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை எழுத்து வாசிக்கச் சொல்லி, எந்த வில்லை போட்டால் தெளிவாகத் தெரிகிறது என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். வாலுவின் அம்மா அவளுடைய அக்கா. அக்காவின் கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில்தான் இருப்பார். சிக்னல் கிடைக்கும் துறைமுகத்தில் செயலியைத் திறந்து, "நூற்றித் தொண்ணூறா? என்ன சாப்பிட்டா?" என்று முந்தாநாள் எண்ணுக்கு இன்று கவலைப்படுவார்.

வாலுவுக்கு நாலு வயதிலேயே இந்த நோய் வந்துவிட்டது. உடம்பு இன்சுலின் சுரக்காது, ஆயுள் முழுக்க ஊசிதான். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. அக்கா போடுகிற அழகே தனி. ஃபிரிட்ஜிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்ததும் அப்படியே ஏற்றிவிடமாட்டாள். குளிர்ந்த மருந்து வலிக்குமாம். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பாள். அவள் மோதிரத்தில் குப்பி பட்டு, கிணுக், கிணுக் என்று சத்தம் வரும். பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மேல்கையைத் துடைத்து, பெருவிரலாலும் இரண்டு விரலாலும் சதையைக் கிள்ளித் தூக்கி, குத்திவிட்டு, "வலிச்சுதா?" என்பாள். "வலிக்கலைம்மா" என்று வாலு சொல்லவேண்டும்.

ஒருநாள் சித்தி ஊசி போட்டுவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள். அது தெரியாமல் அக்கா வந்து இன்னொரு தடவை போட்டாள். அந்தப் பிஞ்சு கண்ணைச் செருகிக்கொண்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் விறைத்துவிட்டது. பிழைத்தது மறுபிறப்பு. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. யார் ஊசி போட்டாலும் வீடே கேட்கிற மாதிரி "போட்டாச்சு" என்று கத்த வேண்டும். மற்றவள் எங்கிருந்தாலும் "சரி" என்று பதில் கொடுக்க வேண்டும். அந்த "சரி" வரும்வரை அக்கா பிள்ளையின் கையை விடமாட்டாள். பிடித்த பிடியோடு நின்றுகொண்டிருப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் பல் தேய்க்கப் போன அக்கா, மூளையில் ரத்தம் கசிந்து, குளியலறையிலேயே முடிந்துபோனாள். சட்டம் மட்டும் நிற்கவில்லை. வாலு தனக்குத்தானே வயிற்றில் போட்டுக்கொள்ளப் பழகியிருந்தாள். போட்டதும் அறையிலிருந்து "போட்டாச்சு" என்று கத்துவாள். அடுப்படியிலிருந்து சித்தி "சரி" என்பாள்.

போன மாதம் கிளினிக்கில், பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று ஒரு புதுச் செயலியைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பேனா ஊசி. பேனாவை அழுத்தினால் போதும், எவ்வளவு போட்டாள் என்று அதுவே கைப்பேசிக்குச் சொல்லிவிடும். சித்தியின் கைப்பேசியில் டிங் என்று ஒரு மணி அடிக்கும். நேரத்துக்குப் போட்டால் வாலுவுக்கு ஒரு நட்சத்திரம், எண் பச்சைக் கோட்டுக்குள் இருந்தால் ஒரு சின்ன ஜாலி மெட்டு. நட்சத்திரத்துக்காக வாலு எதையும் செய்வாள். எண்களும் உண்மையிலேயே நன்றாகிவிட்டன. யாரும் கத்தவில்லை. கத்தவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அதற்கு அப்புறம்தான் இது.

சாயங்காலம் ஆனால் கோடு சரிந்தது. வாலு நின்றுகொண்டு பேசினாலும் சரி, தலை வாரினாலும் சரி, பேனா ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் எண் மடமடவென்று இறங்கும். விரலில் குத்தினால் நன்றாக இருக்கும். சற்று நேரம் கழித்துக் கோடு தானே எழும். சாப்பாட்டுக்குப் பிறகு நிஜமாகவே இறங்கும். சென்சாரை மாற்றினார்கள். இடது கைக்கு ஒட்டினார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் இடது கையிலும் ஆரம்பித்தது. எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்த மாதிரி.

கிளினிக் நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டு, வாலுவை வெளியே உட்காரச் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரி இறங்கற இறக்கத்தப் பாத்தா எக்ஸ்ட்ரா டோஸ் போன மாதிரிதான் இருக்கு. இந்த வயசுல சில பொண்ணுங்க ஒளிச்சு வச்சுப் போட்டுக்குவாங்க. வீட்ல பழைய மருந்து ஏதாவது இருக்கா?"

சித்திக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் சாமர்த்தியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டாள். வாலு எரிந்து விழுந்தாள்.

"என்னைச் சந்தேகப்படறியா? எனக்குச் சாகணும்னு ஆசையா?" கத்திவிட்டுக் கொஞ்ச நேரம் விசும்பினாள். பிறகு கையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "இந்த இடம் மட்டும் ஜில்லுனு ஆகுது சித்தி. உங்கிட்ட சொன்னா நீ பயப்படுவேன்னுதான் சொல்லல."

சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தாள் சித்தி. சென்சாருக்கு ஒரு பக்கம் ஒரு சிவந்த தடம், மறுபக்கம் இரண்டு. நடுவில், கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி.

அன்று அவள் தூங்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளையைக் கட்டிக்கொண்டு, அவள் மூச்சை எண்ணியபடி கிடந்தாள். ஏதாவது அலர்ஜியாக இருக்கும், பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை, தூக்கத்தில் தானே கிள்ளிக்கொள்கிறாள் என்று ஒவ்வொரு வில்லையாக மாட்டிப் பார்த்தாள். எதிலும் தெளிவாகத் தெரியவில்லை. விடிந்ததும் நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

கதவின் உள்பக்கத்தில் அவசர ஊசியின் சிவப்புப் பெட்டி இருந்தது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, பிள்ளைக்கு விழுங்க முடியாமல் போனால் போடுவதற்கு. மேல்தட்டில் பேனாவுக்கான புது மருந்து, ஒரு பெட்டி நிறைய. அதற்கெல்லாம் பின்னால், முட்டைத் தட்டின் மூலையில், அக்கா கடைசியாகத் திறந்த பழைய குப்பி. தூக்கிப் போட மனசு வராமல் இரண்டு வருஷமாக அங்கேயே கிடந்தது. பாதிக்கு மேல் இருந்தது என்றுதான் சித்திக்கு ஞாபகம். இப்போது அடியில் ஒரு விரற்கடை கூட இல்லை. ஃபிரிட்ஜுக்குள் கைவிட்டு அதை எடுத்தாள்.

குப்பி வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து, இப்போதுதான் வைத்துவிட்டுப் போனதுபோல.

அவளுக்கு அழவேண்டும்போல இருந்தது. அக்காவை நினைத்து இந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை ஏங்கியிருக்கிறாள். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகக்கூடாதா என்று வாய்விட்டே கேட்டிருக்கிறாள். இப்போது குப்பியைக் குப்பைக்கூடையில் போடவும் கை வரவில்லை, வைத்துக்கொள்ளவும் பயம். கடைசியில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஸ்பிரிட் வாசனை போகவில்லை. பேனா வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் ஸ்பிரிட் வாங்குவதே இல்லை.

அன்று கடைக்குப் போகாமல் இருக்கப் பார்த்தாள். கூட வேலை செய்பவள் லீவு. முதலாளி, மதியத்துக்கு மேல் கிளம்பிக்கொள் என்று பெரிய மனது பண்ணினார்.

"சாயங்காலம் எதிர் ஃப்ளாட் ஆன்ட்டி வீட்ல உக்காந்து படி. நான் வந்ததுக்கப்புறம் ஊசி போட்டுக்கலாம். நான் வராம போடாதே. புரியுதா?"

"புரியுது, புரியுது" என்றாள் வாலு, செருப்பை மாட்டிக்கொண்டே. அவள் காதில் ஏற்கெனவே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் கூட்டம் வந்துவிட்டது. கிளம்பும்போதே வானம் மங்கியிருந்தது. பேருந்து பாலத்துக்கு முன்னால் நின்றது நின்றதுதான். முன்னால் ஒரு லாரி படுத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். ஈரக்குடைகளின் வாசனை, டீசல் புகை, யாரோ உரித்த ஆரஞ்சுத் தோலின் காரமான மணம். கண்ணாடியில் மழைத்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிவதைப் பார்த்தபடி, மடியில் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாலுவின் கோடு பச்சைக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு கொஞ்சம் அடங்கியது.

டிங்.

திரையில் ஒரு நட்சத்திரம். வாலு ஊசி போட்டுக்கொண்டுவிட்டாள். நேரம் ஆனதும் செயலி நச்சரித்திருக்கும். நட்சத்திரம் போய்விடுமே என்று இந்தக் கழுதையும் வீட்டுக்குப் போய்ப் போட்டிருக்கும்.

"சரி" என்றாள் சித்தி, பழக்கதோஷத்தில்.

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பினார். "என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. யாருக்குச் சரி சொன்னாள்? யாரும் கத்தவில்லையே. பேனா கைப்பேசிக்குச் சொன்னது. கைப்பேசி தனக்குச் சொன்னது. கப்பலில் இருக்கிறவருக்குக்கூடச் சொல்லியிருக்கும். ஒரு மாதமாக அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது.

அக்காவுக்கு யார் சொன்னது?

அவளிடம் கைப்பேசி இல்லை. அவளுக்குச் செயலி தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல் கேட்டுக்கொண்டிருந்தவரை இரண்டு வருஷமும் சும்மா இருந்தாள். நின்ற பிறகு, பிள்ளைக்கு ஊசி போட யாருமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சித்தி வாலுவை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. எதிர் ஃப்ளாட் பெண்மணியை அழைத்தாள். "இப்பத்தான் வீட்டுக்குப் போனா. ஊசி போட்டுட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் படுத்துட்டு வரேன்னா. எனக்கும் லிஃப்ட்ல ஆள் காத்திருக்கு, வெளிய கிளம்பிட்டேன்" என்றாள் அவள்.

கோடு சரிந்தது.

கைப்பேசி அலற ஆரம்பித்தது. பேருந்தே திரும்பிப் பார்த்தது. படுத்திருக்கிறாள், கையை அழுத்திப் படுத்திருப்பாள், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே சித்தி இறங்கி மழையில் ஓடினாள். எழுபது. அறுபத்திரண்டு. ஐம்பத்தைந்து. ஒரு செருப்பு அறுந்தது. அதை அங்கேயே விட்டாள். லிஃப்ட் வரவில்லை. படி ஏறினாள். சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. நுழைந்தது.

கதவைத் திறந்த கையோடு கத்தினாள்.

"போட்டாச்சு! அக்கா, போட்டாச்சு! அவளே போட்டுக்கிட்டா!"

இருட்டு. ஸ்பிரிட் வாசனை கண்ணைக் கரித்தது. ஃபிரிட்ஜ்கூட முனகுவதை நிறுத்தியிருந்தது. வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதுபோல் இருந்தது.

அந்தச் "சரி"க்காக நின்றாள். ஒரே ஒரு "சரி".

படுக்கையறையிலிருந்து குரல் வந்தது. நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்து, கடைசி வேலையையும் முடித்துவிட்ட நிம்மதியோடு. அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"போட்டாச்சு."

சித்தி அறை வாசலுக்கு எப்படிப் போனாள் என்று தெரியாது. தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்திருந்தது. வாலு காதில் பாட்டோடு தூங்கிக்கொண்டிருந்தாள். கையை அழுத்திப் படுக்கவில்லை. மல்லாந்திருந்தாள். இடது கை மட்டும் மெத்தையைத் தொடாமல், முழங்கை மடங்கி, அந்தரத்தில் நின்றது. வெள்ளை வில்லையைச் சுற்றிச் சதை கிள்ளித் தூக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கம் ஒரு குழி. மறுபக்கம் இரண்டு. அழுத்தத்தில் வெளுத்த குழிகள். நடுவில் ஒரு பொட்டு ரத்தம், இப்போதுதான் முளைத்தது. தலையணை ஓரத்தில் பழைய குப்பி. காலி.

"வலிக்கலைம்மா" என்றாள் வாலு, கண்ணைத் திறக்காமல், சின்னப் பிள்ளைக் குரலில்.

குழிகள் விலகவில்லை. கை இறங்கவில்லை.

அது காத்திருந்தது. எதற்கென்று சித்திக்குத் தெரியும். சொல்லாவிட்டால் பிள்ளையின் கையை விடாது. சொன்னால்?

"சரி" என்றாள்.

ஒவ்வொரு குழியாக நிரம்பியது. முதலில் ஒரு விரல். அப்புறம் இன்னொன்று. கடைசியில் பெருவிரல். கை மெத்தையில் விழுந்தது. சித்தியின் கையில் அலறல் நின்றது. கோடு நிமிர்ந்து பச்சைக்குள் ஏறியது. அந்த ஜாலி மெட்டு ஒலித்தது. திரை முழுக்க நட்சத்திரங்கள் கொட்டின.

இனி வரப்போகும் இறக்கம் பொய் இல்லை. சிவப்புப் பெட்டி. அடுப்படி. ஃபிரிட்ஜ் கதவு. ஓடவேண்டும். அவள் திரும்பினாள்.

அடுப்படியில் ஃபிரிட்ஜ் திறந்திருந்தது. அதன் மஞ்சள் வெளிச்சம் கூடத்துத் தரையில் நீளமாக விழுந்து, நடுவில் யாரோ நிற்பதுபோல் மறைந்திருந்தது. படுக்கும் முன் போடவேண்டிய ஊசி இன்னும் பாக்கி. மேல்தட்டில் புது மருந்து ஒரு பெட்டி நிறைய இருந்தது.

கிணுக், கிணுக் என்று, மோதிரத்தில் கண்ணாடி உரசும் சத்தம், அவசரமே இல்லாமல் கேட்டது.